பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

எந்த மெக்கானிக்கிடமாவது பழுதான சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். மூடியைக் கழற்றுவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், உச்சுக்கொட்டுவார். பிறகு, "இதுக்கு முன்னாடி எந்தப் புண்ணியவான் இதத் தொறந்தது?" என்பார். முன்னால் திறந்தவனை நாலு வார்த்தை திட்டி முடித்தால்தான் பின்னால் திறந்தவனுக்குக் கை ஓடும். அந்தத் தொழிலில் அது எழுதாத சட்டம். சில சமயம் முன்னால் திறந்த புண்ணியவான் அவரேதான் என்பது பழைய ரசீதைப் பார்த்த பிறகு தெரியவரும். அப்போதும் மனிதர் அசர மாட்டார். "அன்னிக்கு நான் நல்லாத்தான் போட்டுக் குடுத்தேன்" என்று அடுத்த திருகுக்குப் போய்விடுவார்.

நம் மெக்கானிக்கும் இதே ரகம்தான். மைக்ரோவேவ் ஓவன், மிக்சி, சலவை இயந்திரம் என்று இருபத்து மூன்று வருடங்களாக அவருக்கு ஒரே கடை, ஒரே மேசை. கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், நாலு எட்டு வைத்தால் பின்சுவரில் முட்டும். ஒரு பக்கம் முழுக்க ஓவன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு டம்ளர், அதற்குள் அதிலிருந்து கழற்றிய திருகுகள். டம்ளரை யாராவது இடம் மாற்றினால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள்.

அவர் வலைப்பதிவு எழுத ஆரம்பித்ததற்கு மனைவிதான் காரணம். மருந்துக் கம்பெனியில் அவளுக்கு வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டு இருக்கிறதே, யாரும் படிக்காமல் தூக்கிப்போடும் அந்தச் சீட்டை வரி விடாமல் படித்து, எச்சரிக்கை ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த வேலை. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், புருஷன் போனில் நாலு பேருக்கு ஒரே பதிலை நாலு தடவை சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்கவேண்டியிருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், ஒரே தடவை எழுதிப் போட்டுவிட்டு எல்லாரையும் அங்கே போய்ப் படிக்கச் சொல்லுங்கள் என்றாள். அவரும் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுத ஆரம்பித்தார். பதிவுக்குப் பெயர் 'திருப்புளி'. முதல் வருடம் நாற்பது பேர் படித்தார்கள். மூன்றாம் வருடம் நாலாயிரத்தைத் தாண்டியது. மனிதருக்கு நடையே மாறிவிட்டது.

கூட்டம் சேர்ந்தது அவர் எழுத்துக்காக மட்டும் என்று அவர் நம்பினார். பாவம், நம்பட்டும். பாதிக் கூட்டம் கீழே பின்னூட்டத்தில் நடக்கும் குஸ்தியைப் பார்க்க வந்ததுதான். ஊரிலுள்ள மெக்கானிக்குகள் எல்லாம் அங்கே கூடி, கடையில் திட்டி மிஞ்சியதை அங்கே கொட்டினார்கள். ஒருவர் ஒரு வழி சொன்னால், உனக்கு யாரப்பா கையில் திருப்புளி கொடுத்தது என்று இன்னொருவர் வருவார். அவர் பரம்பரையை விசாரிக்க மூன்றாமவர் வருவார். இந்தக் குஸ்தியில் முன்னணி ஆள் 'அனுபவஸ்தன்' என்ற பெயரில் எழுதுகிறவன். அந்த அனுபவஸ்தன் வேறு யாருமில்லை, மெக்கானிக்கின் மச்சினன்தான். நகரத்தின் மறுகோடியில் அவனும் இதே மாதிரி ஒரு கடை வைத்திருந்தான். கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லக்கூடாதா என்று மனைவி இரண்டொரு முறை கேட்டாள். சண்டை நடந்தால்தானே கூட்டம் நிற்கும் என்று மெக்கானிக் சிரித்து மழுப்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பதிவு போட்டார். ஓவன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் உள்ளே வைத்தது சூடாகவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன ஃபியூஸ்தான், நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து, பிளக்கைப் பிடுங்குங்கள், பின்மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கும், அதை உருவிப் பாருங்கள் என்று படத்தோடு அழகாக எழுதியிருந்தார். மறுநாள் 'ஆறாம் மாடி' என்ற பெயரில் ஒரு பெண்ணிடமிருந்து கேள்வி வந்தது.

"வணக்கம் சார். எங்கள் ஓவனிலும் இதே பிரச்சினைதான். பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"

அவ்வளவுதான், தேன்கூட்டில் கல் விழுந்தது. போதாதம்மா, வீட்டு மெயினை அணைத்து, தெரு டிரான்ஸ்ஃபார்மரை அணைத்து, மின்வாரியத்துக்கு ஒரு கடிதமும் எழுதிவிட்டு ஆரம்பி என்று எழுதினான் அனுபவஸ்தன். இதையெல்லாம் கேட்கிற ஆள் எதற்கு மூடியைத் திறக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். இப்படியே பதினேழு பேர். நம் மெக்கானிக் என்ன செய்தார் தெரியுமா? மச்சினன் எழுதியதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு பொம்மை முகத்தைப் போட்டார். கடைசியில் அந்தப் பெண், "சரி, மன்னியுங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினாள். அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், கம்பெனி பேருந்தில் வரும்போது மனைவி அந்தப் பதிவைப் படித்திருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பிளக்கப் புடுங்கினா போதுமான்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கே. பதினேழு பேர் எழுதியிருக்கீங்க. ஒருத்தர்கூட போதும்னோ போதாதுன்னோ சொல்லலையே?"

மெக்கானிக் பழக்க தோஷத்தில் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிசைந்த சோறு அப்படியே கையில் இருக்க, எழுந்து போய்ப் போனை எடுத்துத் தன் பதிவைத் தானே முதல் வரியிலிருந்து படித்தார்.

விஷயம் இதுதான். மைக்ரோவேவ் ஓவனுக்குள் கெபாசிட்டர் என்று ஒரு தகர டப்பா உண்டு. மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது பிடித்ததை விட்டுவிடும் என்று சொல்ல முடியாது. சும்மா கிடக்கும் ஓவனில் கை வைத்துப் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அதனால் மூடியைக் கழற்றியதும், தொழில்காரன் முதலில் கனத்த பிடி போட்ட திருப்புளியால் அந்த டப்பாவின் இரண்டு முனையையும் இணைத்து அதைச் சாகடிப்பான். அவர் கடையில் யார் அதைச் செய்தாலும் "செத்தாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் இன்னொருவர் உள்ளே கை நீட்டக்கூடாது. இருபத்து மூன்று வருடங்களில் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பார்! செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்டினோம் என்று யாராவது யோசிக்கிறோமா? அப்படி, கைக்கு மட்டும் தெரிந்து மனதுக்கு மறந்துபோன வேலை அது. எழுதும்போது விட்டுப்போய்விட்டது. படித்த மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் அதே கை, அதே பழக்கம். அதனால் விட்டுப்போனது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒன்றும் தெரியாத அந்த ஒருத்திக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தைத்தான் பதினேழு பேரும் சேர்ந்து விரட்டியடித்திருக்கிறார்கள்.

பதிவின் தலையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டார். அவள் பெயர் சொல்லி, தயவுசெய்து உள்ளே கை வைக்க வேண்டாம், இந்த எண்ணில் உடனே கூப்பிடுங்கள் என்று பின்னூட்டம் எழுதினார். வேறென்ன செய்ய முடியும்? ஆறாம் மாடி என்றால் எந்த ஊரில் எந்த ஆறாம் மாடி? மச்சினனுக்குப் போன் போட்டார். அவன் முதலில், அதெல்லாம் ஒன்றும் ஆகியிருக்காது மாமா என்று வழக்கம்போல் ஆரம்பித்தான். திங்கட்கிழமையிலிருந்து ஆளைக் காணோம் என்று இவர் சொன்னதும், எந்த ஏரியா மாமா என்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்க மெக்கானிக் ஒரு மிக்சியை மூன்று முறை பிரித்து மூன்று முறை பூட்டினார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்தார். எல்லாம் அரைக்காத மிக்சி, சுற்றாத தொட்டி. ஒரு அம்மா தன் சலவை இயந்திரம் எழுந்து நடக்கிறது என்று பத்து நிமிடம் விவரித்தார், இவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆள் செத்திருந்தால் யார் சொல்லப் போகிறார்கள்? செத்தவள் பின்னூட்டம் போடுவாளா? தான் போட்ட அந்தச் சிரிக்கும் முகம் அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஒரு உயிர் போயிருந்தால் அது கடைசியாகப் பார்த்தது அந்த இளிப்பைத்தான் என்று நினைத்து நினைத்துக் குமைந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் போன் அடித்தது.

"சார், நான் ஆறாம் மாடி பேசறேன். பின்னூட்டம் போட்டேனே... இன்னிக்குத்தான் உங்க பதிலப் பாத்தேன்."

மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ஏற்கெனவே வயிற்றில் பால் வார்த்தாகிவிட்டது, இருந்தாலும் வாயால் கேட்டால்தான் நிம்மதி.

"உள்ள கை வெச்சீங்களாம்மா?"

"இல்ல சார். மூடியக் கழட்டிட்டேன். உள்ள பெரிய டப்பா மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அது என்னன்னு கேக்கலாம்னு நெனச்சேன். ஏற்கெனவே ஒண்ணு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சு. கேக்காம கை வைக்கவும் மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்."

"அப்படியேன்னா? இன்னும் தொறந்தா கெடக்கு?"

ஆமாம், திறந்துதான் கிடந்தது. அவளுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போனால் மத்தியானம் அப்பா தானே சுட வைத்துச் சாப்பிட வேண்டும். அப்பாவுக்கு அடுப்புப் பற்றவைக்கக் கை ஒத்துழைக்காது, ஓவன் என்றால் ஒரு பொத்தானோடு போய்விடும். ஐந்து நாளாக மனிதர் ஆறிய சோறுதான் சாப்பிடுகிறார். திறந்த ஓவனை அவர் நோண்டிவிடக் கூடாதே என்று துணிக்கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் தண்ணீர் நிரப்பிய வாளியை ஏற்றி வைத்திருந்தாள். மின்சாரத்துக்கு மேல் தண்ணீர் வாளி! மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். திட்டவில்லை. வாளியை மட்டும் மெதுவாக எடுத்துக் கீழே வைக்கச் சொன்னார். எந்த ஏரியா என்று கேட்டார். இதே நகரம்தான், மறுகோடி. மச்சினன் கடையிலிருந்து இரண்டு தெரு.

அரை மணி நேரத்தில் மச்சினன் கிளம்பினான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறினான். மேலே போய்ச் சேர்ந்தபோது பேச மூச்சில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. மூடியைக் கழற்றிய ஓவனைப் பார்த்தும் முதல்முறையாக அவன் யாரையும் திட்டவில்லை. கெபாசிட்டரைச் சாகடித்தான். பழக்கத்தில் "செத்தாச்சு" என்று உரக்கச் சொன்னான், அடுத்த அறையிலிருந்து அப்பா என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தான். பிடித்த மின்சாரம் தானாக மெல்ல வடியட்டும் என்று அந்த டப்பாவுக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். இதில் அது எப்போதோ போயிருந்தது. அதாவது திங்கட்கிழமை அவள் கை வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஃபியூஸையும் டப்பாவையும் மாற்றி மூடியைப் பூட்டினான். அந்தப் பெண் தேநீர் கொடுத்தாள். உங்கள் மாமா தங்கமான மனுஷர், ஆனால் அங்கே அனுபவஸ்தன் என்று ஒருத்தன் எழுதுகிறானே, அவனை மட்டும் கையில் கிடைத்தால் விட மாட்டேன் என்றாள். மச்சினன் தேநீரை ஒரே மடக்கில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, ஆறு மாடியும் இறங்கி ஓடிவந்தான். நேரே அக்கா வீட்டுக்குத்தான் வந்தான்.

வந்தவன், மீட்டர் காட்டியதைச் சொல்லும்போது தண்ணீர் கேட்டுக் குடித்தான். அக்காள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். அந்த நிம்மதியில் வீடே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. மச்சினன் சும்மா இருந்தால் மச்சினனா? தண்ணீர் உள்ளே போனதும் அவனுக்குத் தெம்பு வந்தது.

"ஒரு விதத்துல பாத்தா, நாம கிண்டல் பண்ணினதாலதான் மாமா அவங்க கை வைக்காம விட்டாங்க."

மெக்கானிக் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்ல மாப்ளே. அவங்களக் காப்பாத்தினது அவங்களோட சந்தேகம். அதத்தான் நாம ரெண்டு பேரும் கேலி பண்ணினோம்."

கோபித்துக்கொண்டானா, குன்றிப்போனானா தெரியாது, மச்சினன் சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

மறுநாள் மெக்கானிக் பின்னூட்டத்துக்கு விதிகள் எழுத உட்கார்ந்தார். ஏதோ நீதிமன்ற நோட்டீஸ் மாதிரி ஆரம்பித்து, மேற்படி, கீழ்க்கண்ட, தவறும் பட்சத்தில் என்று இருபத்தொரு விதி எழுதி மனைவியிடம் காட்டினார். அவள் படித்தாள், வரி விடாமல்தான் படித்தாள், தொழிலாயிற்றே. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"எங்க சீட்டுல நாப்பது எச்சரிக்கை இருக்கு. நீங்க ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா? மறந்தா உயிர் போயிடும்ங்கறத மட்டும் மொதல்ல எழுதுங்க."

வெட்டினார்கள், இருவருமாக உட்கார்ந்து வெட்டினார்கள். கெட்ட வார்த்தைகளின் பட்டியல் ஒன்றை மனிதர் அகரவரிசையில் தயாரித்திருந்தார், அது முதலில் போயிற்று. இந்தப் பட்டியலைப் படித்துத்தான் பாதிப் பேர் புதிதாகக் கற்றுக்கொள்வார்கள் என்றாள் மனைவி. கடைசியில் எஞ்சியது நாலு வரி. இங்கே யாரும் எதையும் கேட்கலாம். ஒரு கேள்வி வந்தால் முதல் பதில், கேட்டவர் கைக்கும் உயிருக்கும் என்ன ஆபத்து என்பதாக இருக்க வேண்டும், அதன் பிறகு உங்கள் சண்டையை வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் திறந்தவரைத் திட்டாதீர்கள், அது நானாகவும் இருக்கலாம். கேட்டவரைப் பார்த்துச் சிரித்தால் அந்தப் பின்னூட்டம் எடுக்கப்படும், முதலில் எடுத்தது என்னுடையதைத்தான். அப்படியே அந்தச் சிரிக்கும் முகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் என்ன எழுத மறந்தோம், யார் அதைக் கண்டுபிடித்தது, அவளை என்ன செய்தோம் என்று ஒளிக்காமல் எழுதி வைத்தார்.

சும்மா விடுவார்களா? இது என்ன, வலைப்பதிவா பள்ளிக்கூடமா என்று கேட்டார்கள். வாயைக் கட்டிவிட்டு என்னத்தைப் பேசுவது என்று பத்து இருபது பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒரு பதிவுக்கு அறுபது பின்னூட்டம் வந்த இடத்தில் ஒன்பது வந்தது. கூட்டம் போய்விட்டதே என்று வருத்தப்படுவார் என மனைவி எதிர்பார்த்தாள். அவரோ, காலையில் எழுந்து பின்னூட்டங்களைத் திறக்கும்போது இப்போதெல்லாம் நெஞ்சு திக்கென்று அடிப்பதில்லை என்றார். இத்தனை வருடமாக அடித்துக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வருகிற ஒன்பதில் ஐந்து, இதுவரை வாயே திறக்காதவர்களின் கேள்விகள். ஈரக் கையோடு தொடலாமா, செருப்பு போட்டுக்கொள்ள வேண்டுமா, கறுப்பு வயர் எது. எல்லாமே மெக்கானிக்குகள் எழுத மறக்கும் சமாச்சாரம். ஒவ்வொன்றையும் படிக்கும்போது அப்பாடா, கேட்டுவிட்டார்களே என்று இருந்தது அவருக்கு.

அனுபவஸ்தன் மட்டும் வரவே இல்லை. வீட்டுப் பக்கமும் வரவில்லை. அக்காள் போன் போட்டால், வேலை இருக்கிறது என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவான். அவனை இழந்துவிட்டோமோ என்ற கவலை மெக்கானிக்குக்கு உள்ளூர இருந்தது.

மூன்றாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் மினுங்கியது. அனுபவஸ்தன் ஒரு பின்னூட்டம் போட்டிருந்தான். புது மாதிரி ஓவன்களில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக இன்வெர்ட்டர் போர்டு வருகிறது. அப்படி ஒன்று இப்போது என் மேசை மேல் திறந்து கிடக்கிறது. இதில் எதை எப்படிச் சாகடிப்பது என்று எனக்குத் தெரியாது. இதுவரை தெரிந்த மாதிரி பேசி, இந்த மாதிரி வந்ததையெல்லாம் பாகம் கிடைக்காது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். யாராவது சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான்.

மெக்கானிக் பதறிப்போய் இடது கையால் பதில் தட்ட ஆரம்பிப்பதற்குள் அதற்குக் கீழே ஒரு பதில் வந்துவிட்டது. எழுதியவர் ஆறாம் மாடி.

"கேட்டது நல்லதாப் போச்சு சார். பதில் வர்ற வரைக்கும் உள்ள கை வைக்காதீங்க."

மெக்கானிக் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார். தட்டைத் தள்ளி வைத்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மச்சினனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார்.